மலரக்கா ஏற்ற மறுத்த விளக்கு

சென்ற ஞாயிறு காலை, ஜெர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நிரோசன் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா மோசம் போயிட்டா, அக்கா."

காலமாகிவிட்ட அவருடைய அம்மா, எங்கள் மலரக்கா, அதே இல்லத்தில் என்னோடு பல வருடங்கள் முதியவர்களைப் பராமரித்தவர்.

இலங்கையில், எங்கள் ஊரில் போர் நடந்த காலத்தில் மலரக்காவின் கணவர் இயக்கமொன்றின் அரசியல் தலைவர். போராட வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தாருங்கள் என்று மேடைகளில் கேட்டவர். தங்கள் ஒரே மகனை மட்டும் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் பக்கத்துத் தெருத் தவமணி, இயக்கம் பிடித்துச் சென்ற தன் மகளை விடுவிக்கக் கேட்டு வந்தார். தான் வீட்டில் இல்லையென்று வாசலில் நின்ற காவலரைக் கொண்டு சொல்லுவித்தார் மலரக்கா. அந்தப் பிள்ளை திரும்பவேயில்லை. போரின் முடிவில் கணவரும் இறந்துவிட, மலரக்கா மகனிடம் வந்து சேர்ந்தார்.

இங்கே நாங்கள் அவரை எப்போதும் முன்வரிசையில் இருத்தினோம். போரில் இறந்த பிள்ளைகளுக்கான ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் விளக்கேற்ற அழைத்தபோது, எழுந்து நின்று சொன்னார்:

"என்ர பிள்ளை உயிரோடை பக்கத்திலை இருக்கிறான். நான் எந்த முகத்தோடை இதைக் கொளுத்துறது?"

மண்டபத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுவாரமே பலர் அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். தலைவரின் பெயரைக் கெடுத்துவிட்டாராம்.

தவமணி அம்மா டுசல்டோர்ஃப் நகரில் இருப்பது தெரிந்ததும், மலரக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ?" என்றார் தவமணி அம்மா.

"இல்லை. அண்டைக்கு நான் உள்ளுக்கைதான் நிண்டனான். அதைச் சொல்ல வந்தனான்."

"எனக்குத் தெரியும். உங்கட செருப்பு வாசலிலை கிடந்தது."

திரும்பும் ரயிலில் மலரக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். "தெரிஞ்சும் ஒண்டும் சொல்லாமல் போயிருக்கிறா. எனக்கு அண்டைக்கே வெட்கம் வந்திருக்கோணும்" என்றார்.

இறுதிக் கிரியைக்குச் சிலர் 'தலைவரின் துணைவியார்' என்று எழுதிய பதாகையோடு வந்தார்கள். நிரோசன் அதைச் சுருட்டி வைக்கச் சொன்னார். தவமணி அம்மாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்தார். பெட்டிக்கு அருகில் போகவில்லை. யாரோ கொடுத்த பூவை வைக்காமல், கையில் பிடித்தபடியே ஸ்டேசனுக்கு நடந்தார்.

மலரக்கா, தவமணி அம்மா வந்தார் என்பதை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். பெட்டியை மூடும்போது எங்களில் பலரால் வெட்கத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் வாருங்கள்.