கவாத்துக் குச்சி அடுப்பு

ஸ்வீடனில் இருக்கும் என் மகன் போன வாரம் வீடியோவில் கூப்பிட்டு, மலைபோல் குவிந்து கிடந்த மரச்செதில்களைக் காட்டினான்.

"இத எரிச்சுத்தாம்மா ஊருக்கே சூடு. வெந்நி குழாயில வீட்டுக்கு வந்துரும்."

வெள்ளைக்காரர்கள் விறகை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? வகுப்பிலும் அப்படித்தான் பாடம் நடத்தினேன், என்னிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

"புகை வராதாடா?"

"வீட்டுக்குள்ள எப்படிம்மா வரும்?"

விறகு என்றால் எனக்குக் காமயகவுண்டன்பட்டிச் சித்திதான். திராட்சைத் தோட்டங்களில் கவாத்து முடிந்ததும் வெட்டிப் போட்ட கொடிக்குச்சிகளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். சித்தி கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்குவாள். அவள் சேலையில் அந்தப் புகை வாசம் ஊறியிருக்கும். அதை மோந்தாலே எனக்குப் பசிக்கும். சோற்றுப் பைத்தியம்.

தேனியில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், மூச்சு வாங்குகிறது என்று சித்தப்பா அவளைக் கூட்டிவந்தார். மூவரும் டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன வருசமா பீடி குடிக்கிறீக?" என்றார்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் என்னத்தக் குடிக்கப் போறேன் அய்யா."

அவர் சிரிக்கவில்லை. "வெறகு அடுப்பா?"

காலமெல்லாம் பீடி குடித்த சித்தப்பா, தன் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். அவர் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. சோறு பொங்கியவளுக்குத்தான் நுரையீரல் கெட்டிருந்தது. இனி விறகுப் புகைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அடுத்த மாதமே சித்தப்பா கேஸ் அடுப்பு வாங்கிவிட்டார். நிம்மதியாக இருந்தேன். பொங்கலுக்குப் போனபோது அடுப்படியில் சித்தியைக் காணோம். கொல்லையில், கண்ணெல்லாம் சிவக்க, குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி இது? டாக்டரு சொன்னாகல்ல?"

"குளிக்கத் தண்ணி காய வைக்கிறதுக்குத்தான் ஆத்தா. இதுக்கும் கேஸா? தீந்து போகும்ல."

ஊதாங்குழலைப் பிடுங்கி எறிந்தேன். நான் பஸ் ஏறியதும் எடுத்திருப்பாள். அதற்குப் பிறகு சித்தி இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கடைசி நாட்களில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். "அந்தப் பாட்டி ஆஸ்துமாலதான் போனாகன்னு நெனச்சேன்" என்றான். பிறகு குவியலைக் காட்டாமல் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டான். மரம் எங்கும் ஒரே மரம்தான். அங்கே அதை எங்கோ எரித்துச் சூட்டை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சித்தி அதற்கு முன்னால் குத்தவைத்து வாயால் ஊதினாள்.

இப்போது சித்தி இருந்த தெருவில் எல்லா வீட்டிலும் கேஸ். போன மாதம் அங்கே ஒரு இரவு தங்கினேன். விடியற்காலையில் விழித்தபோது எதுவோ குறைந்தது. சேவல் கூவியது, பால்காரர் வண்டி போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. இருமல் இல்லை. அந்தக் காலத்தில் அடுப்பு பற்றவைக்கும் நேரம், வீட்டுக்கு வீடு பொம்பளைகள் இருமுவார்கள். விடிந்தால் கேட்கிற சத்தம் அது என்றே நாங்கள் இருந்துவிட்டோம்.