ஞானபூரணியின் கைராசி

ஞானபூரணிக்குக் கைராசி என்று முதன்முதலில் சொன்னது எங்கள் மேனேஜர் முத்துராமலிங்கம். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடுவதா, சூடு போடுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

காரைக்குடியில் ஆத்தங்குடித் தரைக்கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் டைப்பிஸ்ட். பக்கத்து மேசையில் அவள், டெலிபோன் ஆபரேட்டர். கிறிஸ்தவப் பெண், பி.எட். முடித்தவள், அப்போது இருபத்தெட்டு வயது. டீச்சர் வேலை வருகிற வரைக்கும் என்று வந்து உட்கார்ந்தவள். சேர்ந்த அன்றே மேனேஜர் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எங்கள் எல்லோருடையதும் அங்கேதான் கிடந்தது. "பாதுகாப்பா இருக்கும்மா" என்பார். யாருக்குப் பாதுகாப்போ!

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் முதலாளி சிங்கப்பூரிலிருந்து எட்டு போன் அனுப்பினார். இதற்குத் தனியாக டெலிபோன் கம்பி கிடையாது, கம்ப்யூட்டர் ஒயரிலேயே பேசும். அவள் பார்த்துவந்த பழைய டெலிபோன் போர்டைக் கழற்றியதும், "இனிமே ஆபரேட்டர் எதுக்கு?" என்று அவள் காதுபடவே கேட்டார் மேனேஜர். பாவம், முகம் செத்துப் போனது அவளுக்கு. அந்த வாரமே கரண்ட் போய் வந்தது. எட்டு போனும் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்துவிட்டன.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இந்தப் போனுக்குத் தான் யார் என்று தானாகத் தெரியாது. கரண்ட் வந்ததும் உள்ளறையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரிடம், "என் விலாசம் என்ன, என் நம்பர் என்ன?" என்று கேட்கும். அது விலாசம் கொடுத்து, நம்பர் கொடுத்து, பேரைப் பதிந்துகொண்டால்தான் காதில் சத்தம் வரும். அந்தக் கம்ப்யூட்டர் விழித்து எழவே ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள் எட்டும் ஒன்றாகச் சேர்ந்து நச்சரித்தால் அது என்ன செய்யும்? திணறிப் போய் நின்றுவிடும். மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர் இதையெல்லாம் மாட்டும்போது ஞானபூரணி கவனமாகப் பார்த்திருந்தாள். எட்டையும் பிடுங்கிப் போட்டாள். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு நிலையாக நின்ற பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினாள். எல்லாம் பேசின.

"ஒன் கை ராசியான கைம்மா!" என்றார் மேனேஜர்.

இல்லை சார், இது இப்படித்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வேலை போய்விடுமே என்று சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் சொருகுவாள். என்னைத் தவிர ஒருவரையும் பக்கத்தில் விடமாட்டாள். வேலை நிலைத்தது, அவள் மாட்டிக்கொண்டாள். கரண்ட் போய் வந்தால் காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே வந்து கூட்டிப் போனார்கள்.

அக்டோபரில் பக்கத்துத் திருப்பத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அவளுக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரிஜினலோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. ஞானபூரணி போனைக் கிளப்புகிற முறையை ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். "கைராசியெல்லாம் இல்ல சார். யார் சொருகுனாலும் வரும்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "கைராசி உள்ளவுக எல்லாம் இப்படித்தான் சொல்வாக."

திங்கள்கிழமை ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் அணைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. புதன் காலை ஒன்பதே கால் நல்ல நேரத்தில்தான் திரும்பப் போட வேண்டும் என்று முதலாளி உத்தரவு. "ஒங் கையால கிளப்பி விட்டுட்டு, சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போ" என்றார் மேனேஜர்.

புதனன்று அவள் புதுச்சேலை கட்டி, பையோடு வந்தாள். ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது. வந்தது பத்தரைக்கு.

"நல்ல நேரம் போயிருச்சேம்மா. இனி நாலே முக்காலுக்குத்தான்."

"பன்னெண்டு மணிக்குள்ள நான் அங்க நிக்கணும் சார்! சர்டிபிகேட்ட மட்டும் குடுத்திருங்க, ஒங்களக் கும்புடுறேன்."

"முதலாளிக்கு நான் பதில் சொல்லணும்ல? வேற யாரு கையில அது வரும்?"

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "காளியாயி அக்காவுக்குத் தெரியும் சார். தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்காக. நாலே முக்காலுக்கு அவுகளே போட்ருவாக. அக்கா, சொல்லுங்கக்கா!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்ன காளியாயி, ஒனக்கு வருமா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எந்தப் போன் முதலில், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், அத்தனையும் அத்துப்படி. ஆனால் ஆமாம் என்று சொன்ன மறுநிமிஷம் அந்த நாற்காலி எனக்கு. இனி என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"எனக்கு அதெல்லாம் வராது சார்" என்றேன்.

ஞானபூரணி பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு அடித்தபோது நான் டைப் அடிப்பதுபோல் குனிந்துகொண்டேன். மெஷினில் இருந்தது வெறும் தாள்.

நாலே முக்காலுக்கு மேனேஜர் சூடம் காட்டினார். அவள் எழுந்து போய் ஒவ்வொன்றாகச் சொருகினாள். சிலுவை போடவில்லை. ஏழு போனும் வரிசையாக வந்தன. எட்டாவது என் மேசையில் இருப்பது. அதில் நம்பர் தெரிந்ததும் தன் மேசைக்குப் போய் எனக்கு அடித்தாள். எடுத்தேன்.

"கேக்குதாக்கா?" என்றாள்.

"கேக்குது" என்றேன்.

வைத்துவிட்டாள்.