நாலு மூடி

போன சனிக்கிழமை எனக்குக் கைதட்டினார்கள். சும்மா இல்லை... வகுப்பே எழுந்து நின்று தட்டியது!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நான் ஒரு யுனிவர்சிட்டியில் டெக்னிக்கல் ரைட்டிங் படிக்கிறேன். சனிக்கிழமை மட்டும் வகுப்பு. காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். மிக்ஸியோடு வருகிற கையேடு, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற தாள், ஆபீஸ் சர்க்குலர் – இதையெல்லாம் மனுஷனுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி? அதற்கு ஒரு வருஷப் படிப்பு.

“வாராவாரம் பத்திரிகையில எழுதுத. இன்னும் எழுதப் படிக்கணுமாக்கும்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், என் மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவது எனக்குப் பிடித்திருந்தது. போய்விட்டேன்.

எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். யாருக்கும் புரியாத ஒரு விளக்கத் தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு அவருக்குப் புரிகிற மாதிரி திருப்பி எழுத வேண்டும்.

நான் நேராகச் சண்முகத்தாய் மதினியிடம் போனேன். என் அண்ணன் மனைவி. புதூர் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் ஆறு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மூணு ஏக்கர் மானாவாரி நிலத்தையும் மதினி ஒருத்திதான் பார்க்கிறாள். ஒண்டியாக முடியாமல், வருஷா வருஷம் ஒரு ஏக்கரில் மட்டும் உளுந்து விதைத்துவிட்டு மீதியைத் தரிசாகப் போட்டிருந்தாள்.

களை மருந்து பாட்டிலோடு வந்த தாளை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி வசந்தி, இத எறும்பு படிக்கதுக்கா எழுதியிருக்கான்?”

“பெரிசா எழுதுனா புரியுமா மதினி?”

“மில்லி, ஹெக்டேருன்னுல்லா கெடக்கு! அத வச்சு நான் என்ன செய்ய? டேங்குக்கு எத்தன மூடின்னு சொல்லு. அம்புட்டுதான் எனக்கு வேணும்.”

எங்கள் பக்கம் மருந்து அடிக்கிறவர்களுக்கு அளவு என்றால் பாட்டில் மூடிதான். முதுகில் மாட்டுகிற டேங்குக்கு இத்தனை மூடி என்றுதான் கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார். மருந்தோடு அளவு குவளை ஒன்று வரும். அது வந்த அன்றைக்கே தொலைந்துபோகும்.

எனக்கு ஒரே குஷி. படிக்கிறவர் புழங்குகிற அளவிலேயே எழுது என்றுதானே வகுப்பில் சொல்கிறார்கள்! மதினியிடம் போன வருஷத்துச் சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. அதன் மூடியில் தண்ணீர் பிடித்து, இருமல் மருந்துக் கப்பில் ஊற்றி அளந்தேன். கணக்குப் போட்டேன். ஒரே பக்கம், பெரிய பெரிய எழுத்து: ‘ஒரு டேங்க் தண்ணீருக்கு நாலு மூடி மருந்து.’

மில்லிக் கணக்கை வெட்டினேன். ‘அளவு குவளையால் மட்டுமே அளக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. யார் செய்யப்போகிறார்கள் என்று அதையும் வெட்டினேன்.

மதினி அதைத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். “இது எழுத்து!” என்றாள். வீட்டுக் கதவில் ஒட்டியும் வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். “இந்த வருசம் மூணு ஏக்கரும் உளுந்து போடப் போறேன். நல்லபடியா வீடு வந்து சேந்துட்டா, உங்க அண்ணன இங்கனயே இருந்துருங்கன்னு சொல்லிருவேன். அவியளும் சரின்னுட்டாவ” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... கல்யாணப் பெண் தோற்றாள்!

அதெல்லாம் ஆவணியில். இப்போது கார்த்திகை.

போன சனிக்கிழமை பேராசிரியர் என் தாளைத் திரையில் போட்டுக் காட்டினார். “ஒரு வார்த்தை அதிகம் இல்லை. எதை வெட்ட வேண்டும் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது” என்றார். அதற்குத்தான் அந்தக் கைதட்டல். கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், மதினி மூணு தடவை கூப்பிட்டிருக்கிறாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

“சோலியா இருந்தியா? ஒண்ணுமில்ல... உளுந்து ஒரு மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

களை எல்லாம் செத்திருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடவே உளுந்தும் கருகியிருந்தது. இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு, ஓரம் தீய்ந்து... மூணு ஏக்கரும்.

வேப்பமரத்தடியில் காலி பாட்டில்கள் கிடந்தன. லிட்டர் பாட்டில்கள்! ஒரு ஏக்கருக்குச் சின்ன பாட்டில் போதும். மூணு ஏக்கருக்குப் போதுமா? கடைக்காரர் பெரிசாகக் கொடுத்திருக்கிறார். பெரிய பாட்டிலுக்குப் பெரிய மூடி.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய மூடியை எடுத்து வந்து, அதில் தண்ணீர் பிடித்துப் பெரிய மூடியில் ஊற்றினேன். ஒன்று. இரண்டு. அப்போதுதான் நிரம்பியது.

மதினி நாலு மூடிதான் ஊற்றியிருக்கிறாள். கூட ஒரு சொட்டு இல்லை. நான் எழுதியதை எழுத்து மாறாமல் செய்திருக்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷமாக நான் எழுதியதை வாசகர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், போன் போட்டுத் திட்டினார்கள். தப்பாக எழுதினால் மறு வாரம் திருத்தம் போட்டோம். ஆனால் நான் எழுதியதை நம்பி யாராவது எதையாவது செய்திருக்கிறார்களா? மதினிதான் முதல் ஆள்.

“மதினி, தப்பு என்னோடது” என்றேன். மூடியைக் காட்டி விளக்கினேன். அவள் அந்த இரண்டு மூடியையும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மறுபடி விதைக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“ஈரம் கெடக்கு. பருவம் போயிட்டுல்லா...”

அந்த நேரம் பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பில் வந்து நின்றார். “என்ன தாயி, பயிரு இப்பிடித் தீஞ்சு கெடக்கு? என்னத்த அடிச்ச?”

மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாந்தான் அண்ணாச்சி, கூட ஊத்திப்புட்டேன். பேப்பர்ல இவ சரியாத்தான் எழுதிக் குடுத்தா. எனக்குத்தான் புத்தி பத்தல.”

“ஆம்பள இல்லாம வெள்ளாம பாத்தா இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். என் கையில் பாட்டில். காலெல்லாம் கரிசல் மண். நான் ஊமையாக நின்றேன்.

மத்தியானம் அண்ணன் போனில் வந்தான். போன மாதம் வரைக்கும், “பொங்கலுக்குப் பெட்டி படுக்கையோட வந்துருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மதினி. அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா? “பொங்கலுக்கு ரெண்டு நாளு லீவு கேட்டு வந்துட்டுப் போங்க.” சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். சோறு வைக்க எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை பேராசிரியரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கைக் குறைத்துவிடுங்கள் சார் என்றேன். “அடுத்த பேட்சுக்கு இதையே ஒரு பாடமா வைக்கலாம்மா. பாட்டில் மாறினா மூடி மாறும்ங்கிறது எனக்கும் தோணலையே” என்றார். நல்ல மனிதர். பாடமும் நல்ல பாடம்தான். அதற்கு ஃபீஸ் கட்டியது மட்டும் மதினி.

இந்தப் பத்திரிகை அந்த ஊர் டீக்கடைக்கு வரும். பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சியும் அங்கேதான் டீ குடிப்பார். அதனால் அவருக்கு...

அண்ணாச்சி, என் மதினிக்கு வெள்ளாமை தெரியும். தாளில் எழுதியிருந்தபடிதான் அவள் ஊற்றினாள். தப்பாக எழுதிக் கொடுத்தது நான். அன்றைக்கு வரப்பில், உங்கள் முன்னால், வாயைத் திறக்காமல் நின்றதும் நான்தான்.