கொட்டாஞ்சேனையில் காய்ச்சிய பால்

பால் தீய்கிற மணம் வந்தால் இன்றைக்கும் என் கை சட்டைப்பைக்குப் போகிறது. அங்கே ஒரு காகிதம் இருக்கிறதா என்று தடவுகிறது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பிளாட் மூன்றாம் மாடி. கடல்காற்று காஸ் அடுப்பைச் சாய்த்து ஊதும் காலைகளில், வாரத்துக்கு ஒருமுறையாவது பால் பொங்கி வழியும். மனைவி குசினிக்கு ஓடுவாள். நான் இருந்த இடத்திலிருந்தே கொட்டாஞ்சேனைக்கு ஓடுவேன்.

எதிலும் நிலைத்து நிற்காத ஆள் நான். ஐம்பதை நெருங்கியபோது அந்த அரிப்பு காசுப் பக்கம் திரும்பியது. போனைத் திறந்தால் யாரோ ஒருவர் வந்து, நீங்கள் தூங்கும்போதும் உங்கள் வீடு உழைக்கவேண்டும் என்றார். நான் தூங்கும்போது என் வீடு உழைத்துக்கொண்டுதான் இருந்தது, வீட்டுக்காரருக்கு.

அந்த நேரம் பார்த்து, கிருலப்பனையில் இருந்த கூட்டாளி ஒருவன் கனடாவுக்கு வெளிக்கிட்டான். கொட்டாஞ்சேனைப் பெண்மணி ஒருவர் தன் வீட்டை ஈடு வைத்து அவனிடம் கடன் வாங்கியிருந்தார். அந்த ஈட்டு உறுதியை, அதாவது அடமானப் பத்திரத்தை, என் பெயருக்கு மாற்றி விற்க அவன் தயார். உறுதி எழுதும் நொத்தாரிசு பொறுமையாக விளக்கினார். வீடு அந்த அம்மாவுடையது, காகிதம்தான் உங்களுடையது. மாதாமாதம் வங்கிக்குக் காசு வரும். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் மட்டும் வழக்குப் போடலாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் உருகி உருகிக் கதை எழுதிய காகிதம் ஒன்றும் ஐந்து சதம் தந்ததில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லாமல் நொத்தாரிசு எழுதிய காகிதம் மாதச் சம்பளம் தரப்போகிறது.

கையில் பாதிக் காசுதான் இருந்தது. மற்றப் பாதி அக்காவுடையது. யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா எங்களோடுதான் இருந்தார், மகளின் அறையில், படிக்கிற மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு கட்டிலில். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் காசு போடுவோம் என்றேன். வாசல் எந்தத் திசை, மேல்மாடி உண்டா, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்கு ரீச்சர் வட்டி கேட்காதபோதே நான் யோசித்திருக்கவேண்டும்.

கையெழுத்துக்கு முன் வீட்டைப் பார்க்கப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய ஒழுங்கை. துறைமுகத்தில் வேலை செய்த கணவர் இறந்தபின், அந்த அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கடனைக் கட்டிவந்தார். நான் பெரிய முதலீட்டாளர் மாதிரிச் சுவரைத் தட்டினேன், கூரையை அண்ணாந்து பார்த்தேன், வரிச் சிட்டை கேட்டேன். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, தேநீரை நீட்டியபடி அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வீடு என் பேர்லதானே இருக்கும், தம்பி?"

ஓம் என்றேன். அந்த ஓம்தான் நான் செய்த முதல் வியாபாரம்.

உறுதி கைக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா காலையிலேயே குளித்து, பட்டுச்சேலை கட்டி, முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். வீடு பார்க்கத்தான் போகிறார் என்று நானும் ஏறினேன். ஏறிய பிறகுதான் மடியிலிருந்த புதுப் பானை கண்ணில் பட்டது. பக்கத்தில் பிள்ளையார் படம், உப்பு, மஞ்சள், இரண்டு பால் பக்கற். புது வீடா என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். அத்தனையையும் கூட்டி "ஓவ், ஓவ்" என்றார் பெருமையாக.

எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் ஒற்றி என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் மேல் காசு கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாக அந்த வீட்டிலேயே போய் இருந்துகொள்வார். அக்கா குடிபுகப் போகிறார். பம்பலப்பிட்டியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொள்ளுப்பிட்டியில் அக்கா, மேல் அறை தனக்கு என்றார். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்தேன். புறக்கோட்டையில் லொறிகள் ஹோர்ன் அடித்தன. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஊர் மிச்சமில்லை.

கதவைத் திறந்த அம்மா பானையைப் பார்த்தார். பட்டுச்சேலையைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒரு மாசமும் தவறலையே, தம்பி."

"இவ ஆர்? இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்றார் அக்கா என்னிடம்.

வாசற்படியில் நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டார். உள்ளே தையல் மெசினையும், பாதி தைத்த வெள்ளைச் சட்டைகளையும், மாதா சிலைக்கு முன்னால் எரிந்த சின்ன பல்பையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காசு குடுத்த வீட்டில இருக்கேலாதெண்டால் அது என்ன கோதாரிக்கடா? எனக்கு முதலே சொல்ல உனக்கு வாய் இல்லையோ?"

ஆனால் நல்ல நேரம் பார்த்து எடுத்த பாலைக் காய்ச்சாமல் திருப்பிக்கொண்டு போவது அக்காவின் சட்டத்தில் இல்லை. அடுப்பைக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டார். அந்த அம்மா வழிவிட்டார், நாடாவை விடாமல். பானை ஏறியது. பால் எந்தப் பக்கம் முதலில் வழிகிறது என்று பார்க்கவேண்டிய அக்கா, இடையில் மேல் அறைக்கு ஏறிவிட்டார். தன் பங்குக் காசுக்கு ஒரு அரைமணி நேரமாவது அங்கே இருக்கவேண்டுமாம். ஜன்னலால் கப்பல் தெரிகிறது என்று கத்தினார். அந்த அம்மாவும் ஏறினார், எது எந்தக் கப்பல் என்று சொல்ல. அடுப்படியில் நின்ற நான், சட்டைப்பையிலிருந்த உறுதியைத் தடவியபடி, மேலே கேட்ட பேச்சில் கவனமாயிருந்தேன். பால் நாலு பக்கமும் வழிந்தது.

மிச்சத்தைச் சீனி போட்டு மூன்று பேரும் குடித்தோம். தீய்ந்த ருசி. உறுதியில் எழுதியபடியே எல்லாம் நடக்கும் என்று அக்கா சொன்னார், வகுப்பில் விடை சொல்வதுபோல. அப்போதுதான் நாடா மேசைக்கு வந்தது. கப்பல் பார்க்க எப்போதாவது வரலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். பானை இங்கேயே இருக்கட்டும், அடுத்த முறை உதவும் என்றும் சொன்னார்.

அந்த அம்மா பானையின் கரியைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, வாசல்வரை வந்து அக்காவின் கையில் வைத்தார்.

"எப்ப வேணும்னாலும் வாங்க அக்கா. பானை மட்டும் உங்க வீட்டிலயே இருக்கட்டும்."