பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டம்

போன வாரம் என் மனைவி வசந்தி ஜப்பானிலிருந்து திரும்பி வந்தாள்.

ஜப்பானேதான்! இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாச் சந்துக்குள் குடியிருக்கும் எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அவள் வீட்டுவேலை செய்யும் கால்சாப் பகுதி எஜமானிக்கு, அதாவது சினியோராவுக்கு, அந்த நாட்டைப் பார்க்க வெகுநாள் ஆசை. கணவர் இல்லை. முழங்காலும் ஒத்துழைக்காது. துணைக்கு ஆள் வேண்டும். எங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடைத்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை...

சினியோரா நல்ல மனுஷி. வசந்திக்குக் காய்ச்சல் என்றால் மருந்தோடு வந்து நிற்பார். ஆனால் சாப்பாடு என்று வந்தால் அவருக்கு மேசை, இவளுக்கு அடுப்படிக் குசினி. வருடக்கணக்காக அப்படித்தான். வசந்தி வாய் திறந்து குறை சொன்னதில்லை. மனதுக்குள் அது உறுத்தியது எனக்குத் தெரியும்.

"சொல்லுமப்பா, என்ன பாத்தனீர்?" என்றேன். கோபுரம், புல்லட் ரயில் என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"அந்த மனுசி குனிஞ்சதை மறக்கேலாது" என்றாள்.

கியோட்டோவில் ஒரு பழைய விடுதி. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், பாயில் இருக்க வேண்டும், சூப்பில் மாசிக்கருவாட்டு வாசம் – யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டாளோ என்று எனக்குச் சந்தேகம்! விடுதிக்கார அம்மா முழங்காலிட்டு, சினியோராவுக்குத் தலை தாழ்த்தி வணங்கினாராம். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பி... அதே அளவுக்கு, அதே நிதானத்தோடு.

"எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. நானும் முழங்காலிலை இருந்திட்டன். அவ குனிய நான் குனிய, ஆர் முதலிலை நிப்பாட்டுறது எண்டே தெரியேல்லை!"

சாப்பாடு இரண்டு தட்டங்களில் வந்தது. பழக்கதோஷம், வசந்தி தன் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். அந்த அம்மா பின்னாலேயே போனார். சிரித்தபடியே தட்டத்தை வாங்கிவந்து சினியோராவின் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சம்மணமாகச் சப்பாணி கட்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த சினியோரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

ஜப்பான் ரேடியோவும் கேமராவும் பலேர்மோவிலேயே வாங்கலாம். ஆனால் யார் எஜமானி, யார் வேலைக்காரி என்று பார்க்காமல் குனியும் அந்தத் தலையைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். என்ன பண்பு ஐயா!

சரி, ஊர் திரும்பிய பிறகு? நேற்று வசந்தி மறுபடி வேலைக்குப் போனாள். எனக்குத்தான் நாள் முழுக்க இதே யோசனை: மேசையா, குசினியா? வந்து, சமைத்து, எனக்குச் சோறு போட்டபடியே சொன்னாள்:

"வழமை மாதிரி என்ரை சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனன். சினியோரா பின்னாலை நொண்டி நொண்டி வந்தா. கோப்பையை வாங்கிக்கொண்டு போய்த் தன்ரை கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜப்பான் ஜப்பான்தான்!" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சொதி விடும்படி கோப்பையை நீட்டினேன்.

இன்னும் தன் கோப்பையை எடுக்காமல், சொதிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்த வசந்தி சொன்னாள்:

"நீங்களும் ஒருக்கா ஜப்பானுக்குப் போயிட்டு வாங்கோவன்."