வேனுக்கு ஒரு படுக்கைப் பெட்டி

நண்பர்களே, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுவதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

மாதேஸ்வரன் மலைக்குப் போக எங்கள் வேனில் படுக்கை போடுகிறோம். என் மனைவிக்கு முதுகுவலி. மலைப்பாதை முழுவதும் உட்கார்ந்து வர முடியாது.

இன்று மைசூரில் ஒரு கடைக்காரர் நீளமான பெட்டியைக் காட்டினார். உள்ளே அடுப்பு, பாத்திரம் வைக்கலாம். மேலே மெத்தையில் படுக்கலாம்.

"நோடி, பாருங்க யஜமானரே, ஆனை படுத்தாலும் அசையாது."

ஆனை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தட்டினேன், ஆணிகளைப் பார்த்தேன், மூடியை முகர்ந்தேன்.

"மோந்தா என்ன தெரியும்?"

"பழைய மரத்துக்கு வார்னிஷ் அடிச்சிருந்தா தெரியும். ஆனை எதுக்குங் தம்பி, நீயே கொஞ்சம் படு பாப்போம்."

சிரித்துக்கொண்டே படுத்தார். நான் குனிந்து அடிப்பலகையைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் குறட்டை.

படுக்கை அவ்வளவு சுகமா, இல்லை, அதுவும் வியாபாரமா? எழுப்பாமல் வந்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள். அடுத்த வாரம் என் மனைவியையே கடைக்குக் கூட்டிப்போய் அதில் படுக்கவைத்துவிட்டு எழுதுகிறேன். அவளுக்குப் பொய்க் குறட்டை விடத் தெரியாது.