மாமாவின் கழுத்துப் படம்

ஒரு மனிதனின் கழுத்துக்குள் எடுத்த படத்தை அவனுக்கே காட்டாமல் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

சாயல்குடிப் பக்கம் மிளகாய் விவசாயம் செய்துவந்த என் தாய்மாமனுக்குக் குரல் கம்மி மூன்று மாதமாகியிருந்தது. சதைத் துணுக்குப் பரிசோதனையில் புற்றுநோய் என்று எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்தபின், மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பட்டம் படித்தவன் என்பதால் மருத்துவர் அறைக்குள் நான்தான் போனேன்.

மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். நோய் குரல்நாணோடு நிற்கிறது, குருத்தெலும்பைத் தாண்டவில்லை, கழுத்தில் நெறிகட்டவுமில்லை என்றார். உடனே ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தால் குரலோடு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும்.

வெளியே வந்ததும் அத்தை என்னை ஓரமாக இழுத்தார். "புண்ணுன்னு மட்டும் சொல்லு மருமகனே. நெசம் தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போவாரு."

அப்படியே சொன்னேன். மாமா உடனே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஒரு புண்ணுக்கு ஆறு வாரம் இங்கன குந்தவா? மொளகாய்ப் பழம் செடியில கெடக்கு. எடுத்துக் காயப்போட்டுட்டு மாசி கழிச்சு வாரேன்."

அவரைக் காப்பதற்காகச் சொன்ன பொய்தான் அவரை ஊருக்கு அனுப்பப் பார்த்தது. அத்தையின் முகத்தைப் பார்க்காமல், படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"என் கழுத்தா இது? கோழிக் கழுத்தை நறுக்கி வச்ச மாதிரியில்ல இருக்கு!"

"இது புத்துநோய் மாமா. இந்தா, இந்த எடத்துல. இன்னும் தாண்டல."

"மொளகாய் எடுத்துட்டு வந்தா?"

"அதுக்குள்ள தாண்டலாம். அப்புறம் குரல்வளையை எடுத்துருவாங்க."

படத்தை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் போட்டார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "ஏன்டி, வீட்டுல ஒன் சத்தம் மட்டும் கேட்டாப் போதும்னு பாத்தியா?"

அத்தை அழுதுகொண்டே சிரித்தார். மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அந்த ஆண்டுப் பழத்தைப் பங்காளிகள் பறித்தார்கள். ஆறு வாரமும் மாமா மதுரையில் இருந்தார். கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவருடையதாகவே குரல் திரும்பிவந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தப் பரிசோதனை முடிவு வந்தாலும், முதலில் நோயாளிக்கே படித்துக் காட்டுகிறேன்.